இடுப்போடு இசைந்த உறை

ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் கைத்துப்பாக்கி, தோட்டா நிரப்பாமலே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். 5 அங்குலக் குழலுடைய அந்தப் பாரத்தைச் சட்டைக்குள் மறைத்து நாள் முழுதும் சுமப்பவனுக்கு ஆறுதல் தருவது நல்ல தோலுறைதான். பதனிட்ட தோலை நீரில் நனைத்து, துப்பாக்கியின் வடிவத்தின் மீதே வைத்து அழுத்தி, விசையைச் சுற்றிய வளையமும் குழலின் விளிம்பும் புடைத்துத் தெரியும்வரை தேய்த்து, நிதானமாக உலரவிடும் தொழிலாளியின் சிரத்தையை நான் பெரிதும் போற்றுகிறேன். குழலைவிடப் பிடிதான் ஆடையைத் துருத்திக் காட்டிக்கொடுக்கும். ஆகையால் உறையைச் சற்றே முன்சாய்த்து, இடுப்பெலும்புக்குப் பின்னால் உடலோடு ஒட்ட அமைப்பது உத்தமம். விசையை முற்றும் மூடாத உறையை, அது எவ்வளவு சௌகரியமாயினும், நான் ஏற்கமாட்டேன். இடைவாரும் தடித்ததாக இருக்கவேண்டும். தளர்ந்த வாரில் மாலைக்குள் உறை சரிந்து, விலாவைக் குத்தத் தொடங்கிவிடும்.