ட்விஸ்ட்: ஒரு பாட்டும் அதன் நகலும்

1960-இல் வானொலியில் 'தி ட்விஸ்ட்' ஒலித்தபோது, பாடுவது தான்தான் என்று ஹாங்க் பாலர்ட் நினைத்துவிட்டாராம். பின்னாளில் அவரே சொன்னது இது. பாட்டை எழுதியவர் அவர். முதலில் பாடியவரும் அவர். ஆனால் அன்று ஒலித்தது சப்பி செக்கரின் குரல். அமெரிக்க இசைத்தொழில் 'கவர்' என்று அழைக்கும் மறுபதிவு வழக்கத்தை எடைபோட இதைவிடப் பொருத்தமான பாட்டு எனக்குத் தெரியவில்லை.

சின்சினாட்டியின் கிங் நிறுவனம் 1959-இல் பாலர்டும் மிட்நைட்டர்ஸ் குழுவும் பாடிய ஒரு மெதுவான காதல் பாட்டை இசைத்தட்டின் முன்பக்கத்தில் வைத்தது. 'ட்விஸ்ட்' பின்பக்கத்துக்குப் போனது. ஆனால் பால்டிமோரின் கறுப்பின இளைஞர்கள் பின்பக்கப் பாட்டுக்குத்தான் இடுப்பை வளைத்தார்கள். செய்தி பிலடெல்பியாவில் தொலைக்காட்சி நடன நிகழ்ச்சி நடத்திய டிக் கிளார்க்கை எட்டியது. பாலர்டின் 1954-ஆம் ஆண்டுப் பாட்டொன்று விரசம் என்று பல வானொலிகளில் தடைபட்டிருந்தது. வீட்டுக் கூடங்களுக்குள் நுழையும் நிகழ்ச்சிக்கு அவர் தோதுப்படமாட்டார் என்று கருதப்பட்டது. அதே ஊரின் கேமியோ-பார்க்வே நிறுவனம் எர்னஸ்ட் எவன்ஸ் என்ற 18 வயதுப் பையனைப் பாடவைத்தது. பாடகர் ஃபேட்ஸ் டாமினோவின் பெயரை ஒட்டி அவருக்குச் சப்பி செக்கர் என்று பெயர் வைத்தவர் கிளார்க்கின் மனைவி.

சட்டம் இதற்கு வழி விட்டிருந்தது. 1909-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருமுறை பதிவான பாட்டை யாரும் மறுபடி பதிவு செய்யலாம். பிரதிக்கு 2 சென்ட் உரிமைத்தொகை கொடுத்தால் அன்று போதுமாக இருந்தது. ஒலிப்பதிவுக்கென்று கூட்டரசுப் பாதுகாப்பு 1972-இல்தான் வந்தது. ஆக, அன்று பாட்டெழுதியவருக்குக் காசு உண்டு. பாடியவரின் குழைவுக்கும் குழுவின் இசையமைப்புக்கும் ஒன்றுமில்லை. பாலர்ட் இரண்டு பாத்திரங்களிலும் இருந்தார். எழுத்தாளராக அவர் சம்பாதித்தார், பாடகராக ஓரங்கட்டப்பட்டார்.

கவர் வழக்கத்தை வெறும் திருட்டு என்று ஒதுக்க முடியாது. செக்கரின் அலையில் பாலர்டின் மூலப்பதிவும் மேலேறி, பொதுப் பட்டியலில் 28-ஆம் இடம்வரை வந்தது. பன்னிரண்டு தாளக்கட்டு ப்ளூஸ், அதுவரை அதைக் கேட்டிராத வீடுகளுக்குள் போனது. ஜோடியைத் தொடாமல், அடவு எதுவும் பயிலாமல் ஆடக்கூடிய நடனம் அல்லவா! நியூயார்க்கின் பெப்பர்மின்ட் லவுஞ்ச் நடன விடுதியில் பணக்காரப் பெரியவர்களும் ஆடத் தொடங்கியதும், 1960 செப்டம்பரில் முதலிடம் பிடித்த அதே தட்டு 1962 ஜனவரியில் மீண்டும் முதலிடம் ஏறியது.

வெள்ளையர் கறுப்பரின் பாட்டைப் பறித்தார்கள் என்ற வழக்கமான கதையும் இங்கே முழுதாகப் பொருந்தாது, இருவருமே கறுப்பர்கள். பாலர்டும் ஒன்றுமில்லாததிலிருந்து மெட்டைப் படைத்துவிடவில்லை. 1957-இல் தாமே பாடிய ஒரு பாட்டின் மெட்டு அது. அந்த மெட்டிலோ டிரிஃப்டர்ஸ் குழுவின் 1955-ஆம் ஆண்டுப் பாட்டின் சாயல். ஆனால் அவர் எடுத்ததை மாற்றினார், புதுச் சொல் போட்டார், ஒரு நடனத்தோடு கோத்தார். செக்கரின் பதிவில் அப்படி எதையும் நான் கேட்கவில்லை. பாலர்டிடம் இருந்த கரடுமுரடு கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, அவ்வளவே. இசையாக அது புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. அது கொண்டுவந்தது தொலைக்காட்சிக்கு ஏற்ற ஒரு முகத்தை.

இந்த வழக்கத்தில் என்னை உறுத்துவது இதுதான். மூலக் குரல் உயிரோடு, பாடத் தயாராக இருக்கும்போது, அதே ஒலியை இன்னொரு தொண்டையிலிருந்து வாங்குவதற்கு இசைக்காரணம் எதுவும் இல்லை. பாடகி எட்டா ஜேம்ஸின் பாட்டை 1955-இல் இன்னொரு பாடகியான ஜார்ஜியா கிப்ஸ் சொற்களை மட்டுப்படுத்திப் பாடினார். அங்கே பாட்டைச் சுத்தப்படுத்தினார்கள், இங்கே ஆளையே மாற்றினார்கள்.

நகலெடுத்தவருக்கும் அது முழு லாபமாக அமையவில்லை. இரவு விடுதிகளில் பெரிய பாடகராக வளர்ந்துகொண்டிருந்த தன்னை அந்தப் பாட்டு முடக்கிவிட்டது என்று செக்கர் பலமுறை குறைபட்டிருக்கிறார். 2008-இல் பில்போர்ட் இதழ் தன் ஐம்பதாண்டுப் பட்டியலின் முதல் பாட்டாக அவருடைய 'ட்விஸ்ட்'டை அறிவித்தது. ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபமோ பாலர்டை 1990-இலேயே சேர்த்துக்கொண்டது; செக்கருக்கு 2025 வரை கதவு திறக்கவில்லை.