ஹுட்டு ஒருவர், டுட்சி ஒருவர்

1994இல் ருவாண்டாவின் ஆர்.டி.எல்.எம். வானொலி ஆள்பெயர் சொல்லிக் கொலைக்கு ஏவிக்கொண்டிருந்தது. பக்கத்து நாடான புருண்டியில், அதிபர் நடாடாயே 1993இல் கொல்லப்பட்டதிலிருந்தே ஹுட்டு, டுட்சி இனங்களிடையே உள்நாட்டுப் போர். அங்கே 1995இல் ‘சர்ச் ஃபார் காமன் கிரவுண்ட்’ அமைப்பு ஸ்டுடியோ இஜாம்போவைத் தொடங்கியது. ஹுட்டு நிருபரும் டுட்சி நிருபரும் சோடியாகச் செய்தி சேகரிக்கப் போனார்கள்.

இப்படி மோதலைத் தணிக்கும் நோக்கோடு செய்தி தரும் ‘அமைதி இதழியல்’ என்றாலே உருக்கமும் உபதேசமும்தான் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இந்த ஏற்பாட்டில் இரண்டும் இல்லை. டுட்சிகள் கையில் இருந்த ராணுவத்திடம் ஒருவர் பேசலாம், ஹுட்டு கிராமத்தில் மற்றவர் பேசலாம்; இருவரும் ஒப்புக்கொள்ளும் செய்தியில் வதந்தி நுழைவது கடினம். பார்க்கப்போனால் இது நல்ல நிருபர் வேலை, அவ்வளவுதான்.

அண்டை வீட்டு ஹுட்டு, டுட்சி குடும்பங்களைப் பற்றி அதே ஸ்டுடியோ தயாரித்த தொடர் நாடகமும் பெரும் வரவேற்பைப் பெற்றது. நாடகம் மனத்தை மாற்றுமா? ருவாண்டாவில் ‘முசெகெவெயா’ என்ற இதுபோன்ற தொடரை ஓராண்டு கேட்டவர்களை, உடல்நலத் தொடர் கேட்டவர்களோடு ஒப்பிட்டார் உளவியலாளர் எலிசபெத் லெவி பாலக். 2009இல் வெளியான அவரது ஆய்வின்படி, கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக அசையவில்லை. ஆனால் ஊரார் எதைச் சரியென்பார்கள் என்ற கணிப்பு மாறியிருந்தது. மாற்றுக் கருத்தை வாய்விட்டுச் சொல்லும் துணிவும் கூடியிருந்தது. நன்கொடையாளர்களுக்கான அறிக்கைகள் பூசும் மெருகைவிட இந்த அளவான வெற்றி நம்பத்தக்கது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இஜாம்போ நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் கூடம் மட்டுமே. ஒலிபரப்புக்கு அரசு வானொலியையும் பணத்துக்கு வெளிநாட்டையும் நம்பியிருந்தது. அண்டை வீட்டார் பகையைப் பேசலாம், அதிகாரத்தில் இருப்பவரை எவ்வளவு தூரம் கேள்வி கேட்பது?

அங்கே பணியாற்றிய அலெக்சிஸ் சிந்துஹிஜே அதைக் கேட்கத் துணிந்தார். 2001இல் ஆர்.பி.ஏ. என்ற சொந்த வானொலி தொடங்கி, இரு இனத்து முன்னாள் போராளிகளையும் வேலைக்கு எடுத்தார். 2004இல் சர்வதேசப் பத்திரிகைச் சுதந்திர விருது பெற்றார். பிறகு கட்சி தொடங்கினார், 2008இல் சிறை சென்றார், மறுஆண்டு விடுதலையானார். 2015 டிசம்பரில், ஆயுத எதிர்ப்புக்கு ஆதரவு திரட்டினார் என்று சொல்லி அமெரிக்கா அவர்மேல் தடை விதித்தது. 2021இல் அது நீங்கியது. செய்தியாளர் அமைதியின் சாட்சியாக நிற்க வேண்டுமே தவிர அதை உண்டாக்கப் புறப்படக்கூடாது என்ற முன்னாள் பிபிசி செய்தியாளர் டேவிட் லாய்ன் போன்றோரின் வாதத்துக்கு இந்த வாழ்க்கை வலு சேர்ப்பதுபோலத் தோன்றும். ஆனால் அவர் வானொலியை விட்டது அரசியலுக்காக. சோடி நிருபர் முறையின் தோல்வியாக அதைக் கணக்கிட முடியாது.

2015 மே மாதம் அதிபர் என்குருன்சிசாவுக்கு எதிரான ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின்போது ஆர்.பி.ஏ.வும், இஜாம்போ செய்தியாளர்கள் தொடங்கிய இசங்கனிரோ வானொலியும் தாக்கப்பட்டன. அந்த நெருக்கடியைப் பற்றவைத்தது இனப்பகை அல்ல, மூன்றாம் பதவிக்காலம் கேட்ட ஓர் அதிபர். இரு இனத்தாரைச் சேர்த்து அனுப்பும் முறையில் அதற்கு மருந்தில்லை.