கூடாரமும் சாய்வு நாற்காலியும்

குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில் மானிடவியல் எங்களுக்கு ஒரு துணைப் பாடம். தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டோம். அந்தக் குறையை ஈடுசெய்யும் எண்ணத்துடன், பண்பாட்டு மானிடவியலின் தொடக்கநிலைப் பாடம் ஒன்றை அண்மையில் இணையவழியில் பயின்றேன். மாலைத் திருப்பலிக்குப் பின் கிடைக்கும் ஒரு மணி நேரமே என் வகுப்பு. பாடநூலாக அமைந்தது, அமெரிக்க மானிடவியல் கழகத்தின் வழி 2017-இல் வெளிவந்து, 2020-இல் இரண்டாம் பதிப்புக் கண்ட 'பெர்ஸ்பெக்டிவ்ஸ்' என்னும் தொகுப்பு. இணையத்தில் அதை எவரும் விலையின்றிப் படிக்கலாம். நூலாலும் பாடத்தாலும் நான் பெற்ற நன்மை பெரிது. எனினும், வகுப்பு விட்டுச்சென்ற ஓர் இடைவெளியைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

இத்துறையின் வரலாற்றை என் வகுப்பு ஏறத்தாழ ஒரு மீட்பு வரலாறாகவே சொல்லிற்று. முதலில் இருள். 1871-இல் 'ஆதிப் பண்பாடு' எழுதிய எட்வர்ட் டைலரும், 1890-இல் 'பொற்கிளை'யை வெளியிட்ட ஜேம்ஸ் ஃபிரேசரும் பயணிகள், அதிகாரிகள், மறைபரப்பாளர்கள் ஆகியோர் அனுப்பிய செய்திகளையே பெரும்பாலும் நம்பி, தாம் நேரில் கண்டிராத மக்களைப் பற்றி எழுதினர். 'சாய்வு நாற்காலி மானிடவியலர்' என்ற ஏளனப் பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது. பின்னர் ஒளி. கிராக்கோவ் நகரில் பிறந்த போலந்து அறிஞர் புரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி 1914-இல் ஆஸ்திரேலியா சென்றபோது முதல் உலகப் போர் மூண்டது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் குடிமகனாதலால் பகைநாட்டவர் எனக் கருதப்பட்டார். எனினும் நியூகினிப் பகுதியில் ஆய்வு செய்ய அனுமதி பெற்றார். டிரோபிரியாண்டுத் தீவுகளில் ஓமரகானா என்னும் ஊரின் நடுவே கூடாரம் அடித்து, அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களோடு வாழ்ந்தார்.

அதன் கனியாக 1922-இல் வெளிவந்த 'மேற்குப் பசிபிக்கின் ஆர்கோநாட்டுகள்' இன்றும் வியப்பளிக்கும் நூல். 'கூலா' என்னும் பரிமாற்ற வலையை அது விவரிக்கிறது. சிவப்புச் சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு வலஞ்சுழியாகவும், வெண்சிப்பிக் காப்புகள் இடஞ்சுழியாகவும் பயணம் செய்கின்றன. எவரும் அவற்றைத் தமக்கென்றே நிலையாக வைத்துக்கொள்வதில்லை. அன்றாடப் பயன் ஏதுமற்ற அப்பொருள்களுக்காக மனிதர்கள் படகேறி ஆபத்தான கடலைக் கடக்கின்றனர். தன்னலம் ஒன்றே மனிதனை இயக்குகிறது என்று நம்பியோருக்கு இந்நூல் தக்க மறுமொழி.

என் வகுப்பு இவ்விடத்தில் நின்றுவிட்டது. அடுத்து வந்தவை சரியான விடையைத் தெரிவு செய்யும் பத்து வினாக்கள். பத்துக்கும் நான் சரியாகவே விடையளித்தேன். ஆயினும் வரலாறு அங்கே முடியவில்லை.

மாலினோவ்ஸ்கி மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பின், 1967-இல், அவருடைய நாட்குறிப்பு அவர் மனைவியின் இசைவுடன் அச்சேறிற்று. தனிமை, நோய் பற்றிய அச்சம், கள ஆய்வை மறந்து புதினங்களில் மூழ்கிய நாள்கள், தாம் ஆராய்ந்த மக்கள்மீதே கொண்ட எரிச்சல், இழிசொற்கள் யாவும் அதில் உள்ளன. பலர் அதிர்ந்தனர். ஆன்மச் சோதனை செய்து பழகியவர்கள் அவ்வளவு அதிர வேண்டியதில்லை என்பேன். பிறர் பார்வைக்கென எழுதப்படாத ஏட்டைக் கொண்டு ஒருவரைத் தீர்ப்பிடுவதும் முறையன்று.

எனக்கு இதனினும் முக்கியமாகத் தோன்றுவது மற்றொன்று. 1971-இல் அதே தீவுகளுக்குச் சென்ற அனெட் வைனர் என்னும் பெண் ஆய்வாளர், இறப்புச் சடங்குகளில் பெண்கள் உலர்ந்த வாழையிலைக் கட்டுகளையும் நாரால் செய்த பாவாடைகளையும் குவித்துப் பகிர்ந்தளிப்பதைக் கண்டார். அவை பெண்களின் செல்வம். அவற்றைக் கொண்டே அவர்கள் இறந்தவர் சார்பில் உறவுக் கடன்களைத் தீர்த்தனர். 1976-இல் வைனர் இதை நூலாக எழுதினார். கூடாரத்தின் அருகிலேயே நிகழ்ந்தும் மாலினோவ்ஸ்கி இதற்கு உரிய இடம் தரவில்லை. சினத்தைக் காட்டிலும் இந்தக் கவனமின்மையே ஆய்வாளரின் பெரிய குறை.

வகுப்பில் ஒரு நல்ல பயிற்சி தரப்பட்டது. பழகிய இடம் ஒன்றில் ஒரு மணி நேரம் அமர்ந்து, கண்டதைக் குறித்துவர வேண்டும். நான் அடக்கத்துக்காகச் சென்ற கேத வீட்டைத் தேர்ந்தேன். இத்தகைய வீடுகளில் வாசலில் ஆண்கள் தரும் நாற்காலியில் அமர்ந்து, நேரத்தையும் வழியையும் அவர்களிடமே பேசி முடிப்பது என் வழக்கம். அன்று எழுந்து பின்கட்டுக்குச் சென்றேன். பிறந்த வீட்டுக் கோடியைக் கையில் வைத்துக்கொண்டு இரு பெண்கள் குரலுயர்த்திப் பேசிக்கொண்டிருந்தனர். 'துக்க நேரத்திலும் புடவை குறித்துச் சண்டை' என்று எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

ஏதோ உறுத்த, சில நாள்களுக்குப் பின் அக்குறிப்பை அவ்வீட்டு மூதாட்டியிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"சண்டையா? அது கணக்கு சாமி. அவ மாமியா செத்தப்ப நாங்க செஞ்ச செய்முறைக்கு இது பதிலு. குறைச்சு எடுத்தா அவளுக்கு மனசு ஆறாது. கூட எடுத்தா எங்களுக்குப் பாரம். அதத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க."

வாசலில் ஆண்கள் ஏட்டில் எழுதாத ஒரு கணக்கைப் பின்கட்டுப் பெண்கள் நினைவிலேயே காத்துவந்திருக்கின்றனர். பல ஆண்டுகளாக அம்மக்களிடையே வாழ்ந்து, அவர்களின் இறந்தோரை அடக்கம் செய்துவந்த நான் அதை அறியவில்லை.

இணையவழிக் கல்வி நம்மை மீண்டும் சாய்வு நாற்காலியில் அமர்த்திவிடுகிறது என்று குறைகூறுவது எளிது. ஆனால் நாற்காலியைக் கூடாரத்துக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம். நான் பங்கு இல்லத்தில் போட்டிருந்தேன். அப்பாடத்தின் உண்மையான குறை திரை அன்று. எவரைப் பற்றி எழுதினோமோ அவர்களிடம் எழுதியதைக் காட்டி, திருத்தம் கேட்கும்படி அது சொல்லவில்லை. அந்த மூதாட்டி ஒரு நிமிடத்தில் கண்ட பிழையை, எனக்கு மதிப்பெண் அளித்தவர் எவ்வாறு அறிவார்?

பாடத்தை நடத்துவோர் ஒரே ஒரு விதியைச் சேர்த்தால் போதும்: குறிப்பை ஆசிரியருக்கு அனுப்பும் முன், அதில் இடம்பெற்றவருக்குப் படித்துக் காட்டுங்கள். பங்குத்தந்தையர்க்கும் அது பொருந்தும். அடுத்த கேத வீட்டில் வாசல் நாற்காலி எனக்காகக் காத்திருக்கும். அதில் அமருமுன் பின்கட்டுக்குச் சென்றுவர எண்ணியுள்ளேன்.