மணல் கயிறு: முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்

“ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடித்து வை” என்பது நம் பெரியவர்கள் வாயில் அடிக்கடி புழங்கும் வழக்கு. ‘ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி’ என்பதே மூலம். நாளடைவில் ‘போய்’ குறுகிப் ‘பொய்’ ஆயிற்று என்று விளக்கம் கூறுவாரும் உளர். மூலம் எதுவாயினும், வழக்கில் நிலைத்தது பொய்தான். பெண்ணின் வயதில் இரண்டு குறைவதும், மாப்பிள்ளையின் சம்பளத்தில் ஒரு சுழி கூடுவதும் கணக்கில் சேராத குற்றங்கள் என்பது ஊரறிந்த உடன்பாடு.

இந்த உடன்பாட்டையே கருவாக்கிச் சிரிக்கச் சிரிக்க ஒரு கதை செய்தவர் விசு. ‘மோடி மஸ்தான்’ என்ற தமது மேடை நாடகத்தை, 1982இல் ‘மணல் கயிறு’ என்ற படமாக்கினார். 2016இல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. தமிழ்த் திரையுலகில் இரண்டாம் பாகங்கள் பெரும்பாலும் அடிதடிக் கதைகளுக்கும் பேய்க் கதைகளுக்கும்தான் வாய்க்கின்றன. நடுத்தரக் குடும்பத்தின் கூடத்துக்குள் நடக்கும் நகைச்சுவைக்கு, அதுவும் முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, தொடர்ச்சி அமைவது அரிது. ஆகவே அதைக் கருத்தோடு நோக்குவது தகும்.

சென்ற கோடை விடுமுறையில், அமராவதி நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு படங்களையும் அடுத்தடுத்த மாலைகளில் பார்த்தோம். மூன்று தலைமுறையினர் இருந்தோம். முதல் மாலையில், அணைக்கட்டிலிருந்து வரும் காற்றையும் மீறிச் சிரிப்பு தெருவுக்குக் கேட்டது. இரண்டாம் மாலை அப்படி இல்லை. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் என் தம்பி மகள், படம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தப் பொண்ணை ஏமாத்திக் கட்டி வெச்சாங்களே, அதுல சிரிக்கறதுக்கு என்னங்க பெரியப்பா இருக்குது?”

“நேற்றுப் பார்த்த படத்திலும் ஏமாற்றித்தானே கட்டி வைத்தார்கள்?” என்றேன்.

“அது அவனுக்கு வேணும்னு தோணுச்சுங்க. இவளுக்கு வேணும்னு தோணலைங்களே!”

இக்கட்டுரை அந்த விடைக்கு எழுதப்படும் உரை என்று கொள்ளலாம்.

எட்டு நிபந்தனைகள்

முதல் படத்தின் கதை மிக எளிது. கிட்டுமணி (எஸ்.வி.சேகர்) என்ற இளைஞன், தனக்கு வரப்போகும் மனைவி எப்படி இருக்க வேண்டும் என்று எட்டு நிபந்தனைகளைப் பட்டியலிடுகிறான். அப்படி ஒருத்தி உலகில் இருக்க முடியாது என்பது கேட்பவர் அனைவருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. நாரதர் நாயுடு (விசு) அந்த அறைகூவலை ஏற்கிறார். உமா (சாந்தி கிருஷ்ணா) எட்டுக்கும் பொருந்துகிறவள் என்று சொல்லித் தாலி கட்ட வைக்கிறார். மூன்று முடிச்சும் விழுந்த பின்னர், நிபந்தனைகள் ஒவ்வொன்றாகச் சிதறுகின்றன. மணலைக் கயிறாகத் திரிப்பது ஆகாத செயல். நாயுடு திரித்த கயிறும் அத்தகையதே. ஆனால் அந்தக் கயிற்றால் கட்டப்பட்ட இருவரும் இறுதியில் உண்மையாகவே இணைகிறார்கள். தலைப்பின் நயம் இதுவே.

இன்று பார்க்கையில் படத்தின் குறைகளும் தெரியாமல் இல்லை. மேடையிலிருந்து வந்த படம் என்பதை அது மறைப்பதே இல்லை. பாத்திரங்கள் வரிசையாக நின்று பேசுகின்றன. காமிரா பெரும்பாலும் கூடத்தைவிட்டு வெளியேற மனமின்றி நிற்கிறது. ஆயினும் வசனத்தின் நடை நம்மை இழுத்துச் செல்கிறது. கே.பாலசந்தரிடம் பயின்றவர் விசு. அவருடைய ‘தில்லு முல்லு’ (1981) படத்துக்கு வசனம் எழுதியவர். ஒருவர் பேச்சை மற்றவர் பிடித்து முறுக்கித் திருப்பிக் கொடுக்கும் அந்த முறை, நம் வீட்டுத் திண்ணைகளில் நாம் கேட்டதுதான். மக்கள் இப்படத்தைத் தம்முடையதாகக் கொண்டதற்கு முதற்காரணம் அது.

இரண்டாவது காரணமே முக்கியமானது. 1982இல் நிபந்தனை விதிக்கும் உரிமை மாப்பிள்ளை வீட்டாருக்கே இருந்தது. பெண் வீட்டார் காபியும் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வைத்துவிட்டு, “ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்” என்ற சொல்லுக்காக உயிரைக் கையில் பிடித்து நின்றார்கள். அந்த உரிமையின் ஆணவ வடிவமே கிட்டுமணி. ஆதலால் நாயுடுவின் பொய் எளியவர் கையில் கிடைத்த கருவியாயிற்று. படம் பார்த்தவர்களில் பாதிப்பேர் பெண்ணைப் பெற்றவர்கள். மீதிப்பேர் அக்கா தங்கையோடு பிறந்தவர்கள். கிட்டுமணியின் பட்டியல் ஒவ்வொரு வரியாகக் கிழியும்போது அவர்கள் சிரித்தது, தங்கள் கூடத்தில் பட்ட அவமானம் ஒவ்வொன்றாகத் தீர்ந்த நிறைவில். ‘நாரதர் கலகம் நன்மையில் முடியும்’ என்ற பழமொழியை நம்பி, பொய்யை அவர்கள் மன்னித்தார்கள்.

பொய் யாரிடம் சொல்லப்படுகிறது?

தமிழின் நல்ல நகைச்சுவைப் படங்களை எண்ணிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) நமக்கு அருகிலுள்ள ஆழியாற்றுப் பகுதியில் எடுக்கப்பட்ட படம். அதில் பொய்யைத் தொடங்குபவன் கையில் காசில்லாத இளைஞன். ஏமாறுபவர் பணத்திலேயே குறியாயிருக்கும் செல்வந்தர். ‘தில்லு முல்லு’வில் பொய் சொல்பவன் வேலையற்ற இளைஞன், ஏமாறுபவர், மீசையைக் கொண்டு மனிதனின் தரத்தை அளக்கும் முதலாளி. இரண்டிலும் பொய் கீழிருந்து மேல் நோக்கிச் செல்கிறது. மேலே இருப்பவர் ஏதோ ஒரு வீண் பிடிவாதத்தால் தாமே அந்தப் பொய்யை வரவழைத்துக்கொள்கிறார். ஆகவே நாம் குற்ற உணர்வின்றிச் சிரிக்கிறோம்.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடங்கொடுத்தார். அங்கே நிபந்தனை ‘குற்றமற்ற நன்மை’ என்பது. யாருக்கு நன்மை என்ற கேள்வியை நகைச்சுவை எழுதுபவரும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

திரும்பி வந்த பட்டியல்

இரண்டாம் பாகத்தை இயக்கியவர் மதன்குமார். எஸ்.வி.சேகர் மீண்டும் கிட்டுமணி, விசு மீண்டும் நாரதர் நாயுடு, உமாவாக ஜெயஸ்ரீ. கிட்டுமணியின் மகளாகப் பூர்ணாவும், அவளை மணப்பவனாகச் சேகரின் மகன் அஸ்வின் சேகரும் நடித்தனர். இம்முறை எட்டு நிபந்தனைகளை விதிப்பவள் மகள். அன்று விதித்தவன் இன்று மகளின் பட்டியலைக் கையில் ஏந்தி, தன்னை ஏமாற்றிய அதே நாயுடுவைத் தேடிப் போகிறான்.

கரு மிக நல்லது என்பதில் ஐயமில்லை. விதைத்ததை அறுப்பது நகைச்சுவைக்கும் பொருந்தும் விதிதான். எழுபதைக் கடந்த விசு அதே குரலோடு, அதே நிறுத்தி நிறுத்திப் பேசும் நடையோடு தோன்றும்போது, மனம் தானாகவே 1982க்குப் போகிறது. 2020 மார்ச் 22 அன்று அவர் மறைந்தார். அதனால் இன்று அக்காட்சிகளைப் பார்க்கையில் சிரிப்போடு ஒரு கனமும் சேர்கிறது. பழைய நண்பரை ஒருமுறை கூடுதலாகப் பார்த்த நிறைவு அது. இந்த அளவில் படத்துக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நினைவு தந்த மகிழ்ச்சியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? நாயுடு பழைய வழியிலேயே ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கிறார். மணம் முடிந்த பின்னர் பொய்கள் வெளிப்படுகின்றன. சூத்திரம் அதேதான், ஏமாறுபவர் மட்டும் மாறிவிட்டார். அந்த ஒரு மாற்றம் கதையின் எடை முழுவதையும் புரட்டிப் போடும் என்பதைப் படம் கவனிக்கவில்லை. ஆணின் ஆணவத்தை உடைத்த அதே பொய், ஒரு பெண்ணின் சம்மதத்தைத் தட்டிப் பறிக்கும்போது வேறொன்றாகிவிடுகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, முக்கிய உண்மைகளை மறைத்து மோசடியால் பெற்ற சம்மதத்தை, மணத்தை ரத்து செய்யத்தக்க காரணமாகக் கொள்கிறது. ‘மணல் கயிறு’ வெளிவந்த மறு ஆண்டு, 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1098ஆம் விதியும் ஏறத்தாழ இதையே கூறுகிறது. நம் கோவில்களில் மணமக்களின் ஓலை மூன்று முறை வாசிக்கப்படுவதும் மறைப்பு எதுவும் இருக்கலாகாது என்பதற்காகவே. சட்டங்களைக் கொண்டு நகைச்சுவையை அளப்பது முறையன்று; எனினும் சிரிப்பு ஏன் தொண்டையில் நின்றது என்பதற்கு அவை குறிப்புத் தருகின்றன.

“ஆணைச் சிரித்தால் சரி, பெண்ணைச் சிரித்தால் தவறா? இது என்ன நீதி?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெண்ணின் அடமும் நகைச்சுவைக்கு விலக்கன்று. கொங்கு நாட்டில் இன்று, ஏக்கர் கணக்கில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் இளைஞனுக்கும், விவசாயம் பார்க்கிறான் என்ற ஒரே காரணத்தால் பெண் அமைவதில்லை. பெண் தேடிப் பாலக்காடு வரை போய் வருகிறார்கள். நல்லதொரு நகைச்சுவைக்கான களம் இங்கே விரிந்து கிடக்கிறது. தராசு சாய்ந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது ஏன் சாய்ந்தது என்று கேட்காமல், சாய்ந்ததை மட்டும் சிரித்தால் அது அங்கதம் ஆகாது.

உண்மையான மறுபக்கம் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. திருப்பூர், கோவை, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்துக்குச் சேர்க்கப்பட்டதை நாம் அறிவோம். ஒப்பந்தம் முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லப்பட்டது. திருமணத்துக்காகத் தன் இளமையை ஆலைக்கு அடகு வைத்த தாய்க்குப் பிறந்த மகள், இன்று பனியன் நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறாள். அவள், “மாப்பிள்ளை குடிக்கக் கூடாது, நான் வேலையை விடமாட்டேன், வரதட்சிணை கேட்கக் கூடாது” என்று மூன்று நிபந்தனை சொன்னால் அது ஆணவமா? கிட்டுமணியின் பட்டியல் கற்பனையில் பிறந்தது. இவளுடைய பட்டியல் பட்ட அனுபவத்தில் பிறந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததே இரண்டாம் பாகத்தின் பிழை.

மேலும் 1982இல் எட்டு நிபந்தனை என்பதே சிரிப்பாக இருந்தது. இன்று திருமணத் தகவல் இணையதளத்தில் பெயரைப் பதிவு செய்பவர் எவரும், படிப்பு, சம்பளம், உயரம், உணவுப் பழக்கம் என்று எட்டுக்கும் மேற்பட்ட கட்டங்களை நிரப்பாமல் வெளியேற முடியாது. அன்று கோமாளித்தனமாகத் தெரிந்தது இன்று விண்ணப்பப் படிவமாகிவிட்டது. பழைய அம்பை எடுத்துக்கொண்டு வந்தவர்கள், இலக்கு இடம் மாறிவிட்டதைப் பார்க்கவில்லை.

உமா என்ன சொன்னாள்?

இவை எல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்று உண்டு. அது உமாவைப் பற்றியது. பிறர் சொன்ன பொய்யால் ஒருவன் வீட்டுக்குள் கொண்டுவரப்பட்டு, தன் குற்றமில்லாத குற்றத்துக்காக அவன் கோபத்தைத் தாங்கி, பொறுமையால் அந்த வீட்டைத் தன்னுடையதாக்கிக்கொண்டவள் அவள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தன் மகளுக்கும் அதே நாயுடு வரன் பார்க்கிறார் என்றால், அவள் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும்? ‘எனக்கு நடந்தது போதும்’ என்றா, ‘எனக்கு நல்லதாகத்தானே முடிந்தது’ என்றா? இந்தக் கேள்வியில்தான் இரண்டாம் பாகம் தொடங்கியிருக்க வேண்டும். தந்தையின் பட்டியல் மகளிடம் வந்ததைக் கண்ட கதாசிரியர், தாயின் காயம் மகளிடம் வந்ததா என்று தேடவில்லை.

விசுவுக்கு அத்தகைய கேள்வி அந்நியமன்று. ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தின் முடிவில், எல்லாரையும் சேர்த்து வைக்கும் மருமகளே, இனி தனித்து வாழ்வதுதான் அன்புக்குப் பாதுகாப்பு என்று சொல்லி விலகுகிறாள். முழுமையான பொழுதுபோக்குக்கான தேசிய விருது பெற்ற படம், பார்வையாளர் எதிர்பார்த்த முடிவைத் தர மறுத்தது. அந்தத் துணிவின் ஒரு துளி இரண்டாம் ‘மணல் கயிறு’க்குக் கிடைத்திருந்தால் போதும்.

ஆக, மூலத்துக்கு ஈடாக நிற்கிறதா இரண்டாம் பாகம்? முகங்களால் நிற்கிறது, பொருளால் நிற்கவில்லை. பழைய முகங்களைக் கண்ட மகிழ்ச்சியை அது தருகிறது. பழைய படம் தந்த விடுதலையைத் தரவில்லை.

அன்றிரவு பாத்திரங்களைக் கழுவி வைத்துக்கொண்டிருந்த என் தம்பி மனைவியிடம், “உனக்குப் படம் எப்படிம்மா?” என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, “எங்களை எல்லாம் ஒண்ணுமே கேக்காமத்தானுங்க கட்டி வெச்சாங்க. இவளாவது கேக்கட்டுமுங்க” என்றார். கூடத்தில் அவருடைய மகள் கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்கப்போகும் நிபந்தனைகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. எத்தனையாயினும் அவற்றுக்கு உண்மையான விடை சொல்லும் வீடு ஒன்று அவளுக்கு அமைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.