பத்திரத்தில் அகப்படும் பாட்டனார்

கிராமத்து வீடுகளின் பரணிலும் மரப்பெட்டியிலும் கிடக்கும் ஓலைச் சுருள்களையும் முத்திரைக் காகிதங்களையும் ஜாதகக் கட்டுகளையும் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த மூதாதை ஒருவரின் சரித்திரத்தை எழுத முயல்வது மெச்சத்தக்க காரியமே. ஆயினும் அந்தக் காகிதங்களிற் பெரும்பாலானவை மனிதரைப் பற்றிச் சொல்ல எழுந்தவை அல்ல, அவருடைய நிலத்தைப் பற்றிச் சொல்ல எழுந்தவை என்பதைக் குல சரித்திரம் எழுதுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்தால், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவிப்பதைப் பற்றிய சம்பிரதாய வாசகங்களைத் தாண்டி, நாலெல்லை விவரத்தில் கண்ணை நிறுத்த வேண்டும். வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் நஞ்சைக்குக் கிழக்கு, கோயில் மானியத்துக்குத் தெற்கு என்று எழுதுகிறவர் அசிரத்தையாய் எழுதிப்போன அவ்விடத்தில், அண்டை நிலத்துக்காரர் பெயரை மாற்றி எழுதுவதால் யாருக்கும் லாபமில்லையாதலின், பொய்க்கு இடம் குறைவு. தம் வீட்டுப் பெட்டியில் அகப்படாத பாட்டனார் பங்காளி வீட்டுப் பத்திரத்தில் மேற்கெல்லைக்காரராக அகப்படுவதுண்டு. 1860-களில் பத்திரப்பதிவு வேரூன்றிய பின் எழுந்த பதிவுப் புத்தகங்களும், 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷன் மானியதாரர்களை விசாரித்து எழுதிவைத்த பதிவேடுகளும் இத்தேட்டத்துக்குப் பெருந்துணை. இவற்றின் பலத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை.

தொல்லை காலக்கணக்கில் தொடங்குகிறது. ஜாதகத்தில் ‘தாது வருஷம், ஆவணி மாதம்’ என்று மட்டும் இருந்தால், அது பஞ்சத்தால் பேர்பெற்ற 1876-ஆம் ஆண்டாகவும் இருக்கலாம், அதற்கு அறுபதாண்டு முந்திய 1816-ஆகவும் இருக்கலாம். பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் நம் வழக்கமும் உடன் சேர்ந்துகொண்டால், இருவர் ஒருவராகி, நூற்றிருபது வயது வாழ்ந்த மகாபுருஷர் ஒருவர் குலத்துக்கு இனாமாய்க் கிடைத்துவிடுவார். ராசிக் கட்டத்தைப் பார்த்துத் தீர்க்கலாமே என்பார்க்கு ஒரு எச்சரிக்கை: குருவும் சனியும் அறுபது ஆண்டில் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் கிரகங்களாதலால் அவற்றின் சாக்ஷியம் செல்லாது; சுமார் பதினெட்டரை ஆண்டில் சுற்றிவரும் ராகுவோ அறுபதாண்டில் மூன்று ராசி அளவுக்கு விலகிப்போயிருக்கும் ஆதலால், அதனைக் கொண்டுதான் நிர்ணயிக்க வேண்டும்.

இந்தத் தொல்லைக்காவது பரிகாரம் உண்டு. ஆவணங்களின் மௌனத்துக்குப் பரிகாரம் அரிது. பாகப்பிரிவினை வழக்குகளில் கோர்ட்டில் தாக்கலான வம்சாவளிப் பட்டியலைப் பாருங்கள்: சந்ததியின்றி இறந்த தம்பியைக்கூட அவர் பங்கு யாருக்குச் சேரும் என்பதற்காகக் கவனமாய்க் குறித்தவர்கள், பங்கில்லாத பெண்மக்களைக் குறிக்கும் சிரமத்தைப் பெரும்பாலும் மேற்கொள்ளவில்லை. விதவைத் தாய் ஒருத்தி மைனர் பிள்ளைக்குக் கார்டியனாக நின்று, பத்திரத்தின் அடியில் ஒரு கீறல் போடும் நாளில்தான் அவள் பெயர் முதல்தடவையாக வெளிச்சத்துக்கு வருகிறது. அப்பட்டியலையே உள்ளபடியான வம்ச விருக்ஷமாக நகலெடுத்து அச்சிடுவது, வக்கீலின் வாதத்தைச் சரித்திரமென்று ஒப்புக்கொள்வதாகும்.

நிலமே இல்லாதவர் கதை இதனினும் விசித்திரமானது. 1843-இல் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவு நீங்குமுன் எழுதிய ஓலைகளில், நிலத்தோடு கைமாறிய ஆட்களாக அவர்களிற் சிலர் காணப்படுகின்றனர். ஏனையோருக்கு ஊரில் எழுத்துச் சான்று ஏதும் கிடைப்பது அரிது. ஆனால் 1860-இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்ட ட்ரூரோ கப்பலிலும் அதன்பின் சென்றவற்றிலும் ஏறி ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனவர்களுக்கு, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், தழும்பு, மச்சம் என்று வரிவரியாகப் பதிவு இருக்கிறது. கரும்புத் தோட்ட முதலாளியின் கணக்குக்காகப் பிறந்த அந்தப் பட்டியலைக் கொண்டு, டர்பனில் வாழும் பேரன் தன் முன்னோரின் சேரியைக் கண்டுபிடித்து வந்துவிடுகிறான். அச்சேரியிலேயே தங்கிவிட்ட அம்முன்னோரின் அண்ணனைத் தேடுகிறவரோ பண்ணை வீட்டுக் கூலிக் கணக்கைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். அதையும் கரையானுக்குத் தப்பவைக்கும் அக்கறை, நிலப் பத்திரங்களைப் பூட்டிவைத்த அவ்வீட்டாருக்குப் பெரும்பாலும் இருந்ததில்லை.