அங்கோரில் யாரைச் சந்திக்கிறோம்?

குமணன்சாவடி சந்திப்பில் குன்றத்தூர் சாலைக்குத் திரும்பினால் சற்று நேரத்தில் மாங்காடு வந்துவிடும். வைணவ அடியார் திருக்கச்சி நம்பி பிறந்த பூந்தமல்லி இன்னும் பக்கம். இந்தப் பகுதியில் அறை எடுத்துத் தங்கி, போரூர்ப் பக்கம் ஐ.டி. வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு இப்போது கம்போடியாவும் எட்டும் தூரம்தான். தோளில் ஒரு பை, சியாம் ரீப் நகரத்து ஹாஸ்டலில் ஒரு படுக்கை, நான்கு நாள் விடுப்பு. அங்கோர் வாட் கோயிலைப் பார்த்துவிடலாம், நாலு நாட்டு நண்பர்களும் கிடைப்பார்கள் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் பாதி சரி.

சரியான பாதியை முதலில் சொல்கிறேன். பேக்கேஜ் டூரில் போகிறவருக்குக் கோயில் என்பது பஸ் நிற்கும் நேரம். தனியாகப் போகிறவர் அங்கோர் வாட்டின் கிழக்குப் பிராகாரத்தில், பாற்கடல் கடையும் சிற்பத்தின் முன் ஒரு காலைப்பொழுது முழுக்க நிற்கலாம். ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள், நடுவே திருமால், கீழே ஆமை. பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவருக்கு அந்தச் சுவரைப் படிக்க வழிகாட்டி தேவையில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் ஜெர்மனியிலிருந்து வந்தவராக இருந்தால், அவருக்கு அதைச் சொல்லிக் காட்டலாம். அப்படித் தொடங்கும் நட்பு உண்மையானது. கதை கைவசம் உள்ள பயணிக்கே அது வாய்க்கும் என்பதால், நம் பக்கத்து மாங்காடு, திருமழிசைக் கோயில்களையும் நின்று பார்த்துவிட்டுப் புறப்படுவது வீண்வேலை அல்ல.

மற்றப் பாதியில்தான் எனக்கு மனக்குறை. ஹாஸ்டலில் சேரும் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே வயது, ஒரே ஆங்கிலம், கையில் ஒரே மாதிரி போன். கம்போடியாவுக்குப் போய்க் கம்போடியர் ஒருவரோடும் பழகாமல் திரும்புவது சர்வ சாதாரணம். துக்துக் ஓட்டுபவரோடு நமக்குள்ள பேச்சு பேரத்தோடு முடிகிறது. அவர் வயதில் மூத்தவராக இருந்தால் 1975 முதல் 1979 வரை நீடித்த கெமர் ரூஜ் ஆட்சியில் யாரையாவது பறிகொடுத்தவராக இருக்கக்கூடும். கேட்கப் பொறுமை இருப்பவர் குறைவு.

அங்கோர் வளாகத்துக்குள் வாழ்ந்த ஏறத்தாழ பத்தாயிரம் குடும்பங்களை 2022இல் கம்போடிய அரசு ரன் தா ஏக் போன்ற இடங்களுக்கு மாற்றத் தொடங்கியது. அவர்களாகவே விரும்பிப் போகிறார்கள் என்றது அரசு. கட்டாயப்படுத்தி வெளியேற்றுகிறார்கள் என்று 2023இல் ஆம்னஸ்டி மனித உரிமை அமைப்பு குற்றம் சாட்டியது. கோயிலைச் சுற்றிக் கடை போட்டுப் பிழைத்தவர்களும் அவர்களில் உண்டு. விடியற்காலையில் வடக்குக் குளத்தங்கரையில் சூரிய உதயப் படத்துக்காக முண்டியடிக்கும் கூட்டத்துக்கு இது எதுவும் தெரியாது. கல்லைப் பார்க்க வந்தவர்கள் கல்லோடு வாழ்ந்தவர்களைப் பார்ப்பதில்லை என்பதே இந்தப் பயணமுறையின் பெரிய ஓட்டை.

தமிழர்களுக்கென்றே இன்னொரு குறை இருக்கிறது. அங்கோர் வாட்டைக் கட்டியவர் தமிழ் மன்னர் என்று நம்மிடையே ஒரு பேச்சு உலவுகிறது. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் அதைத் திருமாலுக்கு எழுப்பியவர் கெமர் அரசர் இரண்டாம் சூரியவர்மன். பின்னால் அது பௌத்தத் தலமாயிற்று. இன்றும் பிக்குகள் வந்து வழிபடுகிறார்கள். அந்த நாட்டுக் கொடியிலேயே அந்தக் கோயில்தான் இருக்கிறது. அவர்கள் வாசலில் நின்று ‘இது எங்களுடையது’ என்றால் அங்கே நட்புக்கு ஏது இடம்? திருமாலும் இராமனும் அவர்கள் கையில் எப்படி மாறினார்கள் என்று கேட்டால் பேச்சு நீளும். தென்னிந்தியாவுக்கும் அந்த மண்ணுக்கும் இருந்த கடல்வழித் தொடர்பு உண்மை. அதைச் சொல்ல மிகை தேவையில்லை.

ஆக, இந்தப் பயணமுறையைக் கைவிட வேண்டாம், அவசரத்தைக் கைவிடுங்கள். அங்கோருக்கு ஒருநாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62. அந்த மூன்று நாட்களைப் பத்து நாட்களுக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். மூன்று நாள் சீட்டையே வாங்குங்கள், விடுப்பை இரண்டு நாள் கூட்டிக் கேளுங்கள். இடையில் வரும் நாட்களில் கோயிலுக்குப் போகாமல், ஊர்க்காரர் நடத்தும் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டு, அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.