பன்யனின் போராட்டமும் எளிய விசுவாசமும்

ஜான் பன்யன் என்றவுடன் தமிழ்க் கிறிஸ்தவர்களின் நினைவுக்கு வருவது 'மோட்சப் பிரயாணம்' ஆகும். 1678ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தமது 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை இயற்றி 1894இல் வெளியிட்டார் என்பதும் நாம் அறிந்ததே. ஆனால் மோட்சப் பிரயாணத்திற்குப் 12 ஆண்டுகள் முன்னதாக, 1666இல், பெட்ஃபோர்டு சிறையில் கைதியாயிருந்த நாட்களில் பன்யன் வெளியிட்ட தன்வரலாறு நம் ஊழியர்களுக்கு அத்துணைப் பரிச்சயமானதன்று. பாவிகளில் பிரதான பாவிக்குப் பெருகிய கிருபை என்று பொருள்படும் தலைப்பையுடைய அச்சிறு நூலை ஈண்டு எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. பாவத்தோடு போராடிக் களைத்துப்போய் நம்மிடம் வரும் ஒருவரிடம், 'எளிமையாக விசுவாசியுங்கள், அது போதும்' என்று கூறி அனுப்பிவிடுகிறோம். நாம் கூறுவது தவறன்று. எனினும் அதைக் கேட்டவர், 'நான் விசுவாசிக்கிறேனா? என் விசுவாசம் போதுமானதா?' என்னும் புதியதொரு கேள்வியோடு வீடு திரும்புகிறார். முன்பு பாவம் ஒன்றே பாரமாயிருந்தது. இப்பொழுது விசுவாசமும் அவருக்குப் பாரமாகிவிட்டது. இந்த இரண்டாம் பாரத்தைப் பன்யனைப்போல் உள்ளிருந்து எழுதியவர்கள் மிகச் சிலரே.

இதற்குச் சான்றாக நூலின் முற்பகுதியிலேயே ஒரு நிகழ்ச்சி வருகிறது. பன்யன் எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628இல் பிறந்தவர். வீடு வீடாகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுப்பது அவர் தொழில். ஒரு நாள் எல்ஸ்டோவிற்கும் பெட்ஃபோர்டிற்கும் இடையேயுள்ள சாலையில் நடந்து செல்கையில், தமக்கு விசுவாசம் இருக்கிறதா என்பதைச் சோதித்து அறியும்படி ஓர் எண்ணம் அவரைத் தூண்டுகிறது. குதிரைக் குளம்படிகளில் தேங்கிநின்ற நீரைப் பார்த்து வற்றிப்போகச் சொல்லவேண்டும். உலர்ந்த இடங்களைப் பார்த்து நீர் நிரம்பச் சொல்லவேண்டும். நடந்துவிட்டால் விசுவாசம் உண்டு. வாய் திறக்கப்போகும் தறுவாயில், முதலில் வேலியருகே சென்று ஜெபித்துவிட்டு வரலாம் என்று தோன்றுகிறது. அதன்பின் வேறோர் அச்சம் எழுகிறது: ஜெபித்த பின்னும் ஒன்றும் நடவாமற்போனால், தாம் தள்ளுண்டவர் என்பது உறுதியாகிவிடுமே! ஆகவே சோதனையை ஒத்திவைத்துவிட்டு நடந்துபோகிறார்.

இதை வாசிக்கும் மாணவருக்குச் சிரிப்பு வரக்கூடும். ஆயினும் நம் சபைகளில் கண்ணீர் வந்ததா, நெஞ்சம் குளிர்ந்ததா, ஜெபத்தில் பாரம் இறங்கியதா என்று விசுவாசத்தை அளக்கும் பழக்கம் அந்தச் சேற்றுக் குழியைவிட எவ்வகையில் மேலானது? தன் விசுவாசத்தையே உற்றுப் பார்க்கிறவன் கிறிஸ்துவைப் பார்ப்பதில்லை. விசுவாசம் கண்ணைப் போன்றது. கண் தன்னைத்தான் காண்பதற்கென்று அமைந்ததன்று. பன்யன் இதை இவ்வாறு கூறவில்லை. ஆனால் நூலின் முதற்பாதி முழுவதும் தன்னையே காண முயன்ற கண் ஒன்றின் வேதனையாகவே நம் முன் நிற்கிறது.

திறனாய்வாளர் சிலர் இவ்வேதனையை மிகைப்படுத்தலாகக் கருதினர். பன்யன் தம் பேரில் சுமத்திக்கொள்ளும் குற்றங்கள் யாவை? ஓய்வுநாளில் நம் ஊர்க் கிட்டிப்புள்ளை ஒத்த ஓர் ஆட்டம் ஆடினார், நடனமாடினார், ஆலய மணியடிப்பதில் இன்பங்கண்டார், ஆணையிட்டுப் பேசினார். இத்தகையவரைப் பெரும்பாவி என்று கொள்வது தகாது என்பது 19ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் மெக்காலேயின் வாதம். வில்லியம் ஜேம்ஸோ 1902இல் வெளிவந்த தமது சமய அனுபவ ஆய்வில், நோயுற்ற ஆன்மா என்னும் வகைக்குப் பன்யனை ஒரு சான்றாக நிறுத்தினார். இவ்விரு கருத்துகளிலும் ஓரளவு உண்மை உண்டு. பன்யனின் மனநிலையில் நோயின் சாயல் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. இன்று அவரைப்போன்ற ஒருவர் நம்மிடம் வந்தால், மருத்துவரின் துணையையும் நாடச் செய்வதே ஆயரின் கடமையாகும். ஆனால் மெக்காலேயின் ஆறுதலை மட்டும் நாம் ஏற்க முடியாது. உன் பாவம் அவ்வளவு பெரிதன்று என்பது நற்செய்தி அன்று. பன்யனை வாட்டியது கிட்டிப்புள்ளும் அன்று. ஆட்டத்தையும் மணியையும் நடனத்தையும் அவர் விட்டுவிட்டார். அக்கம்பக்கத்தார் அவருடைய மாறுதலைக் கண்டு வியந்தனர். அதன் பின்னரே உண்மையான போராட்டம் தொடங்குகிறது.

பெட்ஃபோர்டில் தொழில் நிமித்தம் சென்ற ஒரு நாளில், மூன்று நான்கு ஏழைப் பெண்கள் வாசலருகே வெயிலில் அமர்ந்து தேவனுடைய காரியங்களைப் பேசிக்கொண்டிருந்ததைப் பன்யன் கேட்டார். சமயத்தைப்பற்றி வாய்ச்சாதுரியமாகப் பேசக்கூடியவராகிய அவருக்கு அவர்கள் பேச்சு எட்டவில்லை. அவர்கள் தங்கள் இருதயத்தின் கேட்டையும், தங்களுக்கு நேரிட்ட சோதனைகளையும், வாக்குத்தத்தங்களால் தாங்கப்பட்டதையும் மகிழ்ச்சியோடு பேசினர். தங்கள் கேட்டை அறிந்தும் மகிழ்ந்திருக்கலாம் என்பது அவருக்குப் புதுமையாயிருந்தது. எளிய விசுவாசம் என்பதன் சித்திரத்தை இந்நூலில் தேடுவோர் இந்த வாசற்படியைக் கடந்து செல்லவேண்டியதில்லை. இவ்விடத்தில் நமக்கு ஒரு குறை உண்டு: அப்பெண்களைப்பற்றியும், அவர்கள் மூலமாகத் தமக்கு அறிமுகமான போதகர் ஜான் கிஃபர்டைப்பற்றியும் பன்யன் எழுதியிருப்பது மிகச் சொற்பம். தனியொருவனும் பிசாசும் போரிடும் களமாகவே நூல் விரிகிறது; சபை ஓரமாக ஒதுங்கி நிற்கிறது.

பின்னர் லுத்தர் எழுதிய கலாத்தியர் நிருப விளக்கவுரையின் பழம்பிரதி ஒன்று அவர் கைக்கு வருகிறது. தொட்டால் உதிரும் நிலையிலிருந்தது. காயப்பட்ட மனச்சாட்சிக்கு வேதாகமத்தை அடுத்து அதனினும் ஏற்ற நூல் இல்லை என்பது அவர் தீர்ப்பு. தம் இருதயத்தைப் பார்த்தே லுத்தர் எழுதினார்போலும் என வியக்கிறார். இதோடு கதை முடிந்திருந்தால் நமக்கு வசதியாயிருந்திருக்கும். ஆனால் லுத்தரை வாசித்து, கிறிஸ்துவின்மேல் தமக்குள்ள அன்பை உணர்ந்து மகிழ்ந்த அதன் பிறகுதான், கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் கொடிய சோதனை வருகிறது. ஏறக்குறைய ஓராண்டுக் காலம் உணவிலும் வேலையிலும் உறக்கத்திலும் அது அவரை விடவில்லை. ஒரு காலைவேளையில் எதிர்த்து எதிர்த்துச் சோர்ந்தபோது, அவர் போக விரும்பினால் போகட்டும் என்னும் நினைவு மனத்தில் கடந்து சென்றது. இருதயமும் அதற்கு இணங்கியதாக உணர்ந்தார். அன்று முதல் எபிரெயர் 12:16, 17 வசனங்களில் வரும் ஏசாவாகவே தம்மை எண்ணினார். தாவீதும் பேதுருவும் பாவஞ்செய்தனர். ஆனால் தாம் மீட்பரையே விற்றதால், யூதாஸே தமக்கு அண்மையிலுள்ளவன் என்று கணக்கிட்டார். இந்நிலையில், அனுபவம் முதிர்ந்த கிறிஸ்தவர் ஒருவரிடம் சென்று, பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தைச் செய்துவிட்டதாக அஞ்சுகிறேன் என்றார். அப்பெரியவர், தமக்கும் அப்படியே தோன்றுகிறது என்று பதிலளித்தார்! பன்யன் அவரை நல்லவர் என்றே குறிப்பிடுகிறார். ஆனால் பிசாசோடு மிகுதியாகப் போராடி அறியாதவர் என்கிறார். போதகப் பணிக்கு ஆயத்தமாகும் மாணவர் இவ்வொரு பத்தியை மட்டுமாவது வாசித்திருக்கவேண்டும்.

விடுதலை சிறிது சிறிதாகவே வந்தது. 2 கொரிந்தியர் 12:9இல் பவுல் பெற்ற வாக்குத்தத்தமும் ஏசாவைப்பற்றிய வசனமும் அவர் உள்ளத்தில் ஒன்றோடொன்று மோதின. கிருபையின் வசனமே நிலைத்தது. யோவான் 6:37ஐ அவர் ஒரு முனையிலும் சாத்தான் மறுமுனையிலும் பிடித்து இழுத்ததாக எழுதுகிறார். பிற்காலத்தில் அவ்வொரு வசனத்தின்மேல் தனி நூலே எழுதினார். பின்பு ஒரு நாள் வயலுக்குள் செல்லும்போது, தமது நீதி பரலோகத்திலே இருக்கிறது என்னும் உண்மை சட்டென்று அவர் ஆன்மாவில் விழுந்தது. தேவனுடைய வலதுபாரிசத்திலிருக்கும் கிறிஸ்துவே தம் நீதி. தம் மனநிலை நன்றாயிருப்பதால் அந்நீதி கூடுவதில்லை, கெட்டிருப்பதால் குறைவதுமில்லை. வீடு திரும்பி, அவ்வாக்கியத்தை வேதாகமத்தில் தேடினார். அது அங்கே இல்லை. அவர் உள்ளம் தளரத் தொடங்கியது. பின் 1 கொரிந்தியர் 1:30 நினைவுக்கு வர, வாக்கியம் இல்லாவிடினும் சத்தியம் உண்டு எனத் தெளிந்தார். தொடர்ந்து வரும் உவமை அவர் தொழிலுக்கும் ஏழ்மைக்கும் ஏற்றது: தம்மிடமுள்ள நற்குணங்கள், செல்வன் தன் பணப்பையில் வைத்திருக்கும் உடைந்த சில்லறைக் காசுகள் போன்றவை, அவனுடைய பொன்னோ வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. பையைத் தடவிப் பார்த்து, நான் ஏழை என்று அழுதுகொண்டிருந்தவருக்குப் பெட்டியின் நினைவு வந்தது. விசுவாசத்தின் எளிமை இதுவே என்று கூறத் தோன்றுகிறது. போராட்டம் எளிதாகிவிட்டதென்பது இதன் பொருளன்று. சில்லறையை எண்ணும் வேலை நின்றுபோயிற்று என்பதே பொருள்.

பன்யன் வேதாகமத்தைக் கையாண்ட முறையையும் நாம் ஆராயாமல் விடலாகாது. வசனங்கள் அவர்மேல் அம்புகளாகவும் மருந்தாகவும் மாறி மாறி விழுகின்றன. எங்கிருந்து வந்தது, யாருக்கு எழுதப்பட்டது என்னும் வினா நெடுநாள் எழுவதே இல்லை. கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய தீர்ப்பாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடமும் உண்டாகையால், இதைச் சுட்டிக்காட்டுவது அவசியம். நூலே இதற்குத் திருத்தமும் தருகிறது. கிருபையின் வசனம் நிலைத்த பின்னரே, ஏசாவின் வசனத்தை அருகில் சென்று ஆராயும் துணிவு அவருக்குப் பிறந்தது. ஆராய்ந்தபோது, ஏசாவின் செயல் வேறு, தம் வீழ்ச்சி வேறு என்று கண்டார். அஞ்சியவன் நல்ல விளக்கவுரையாளன் ஆவதில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பிற்பாடு சில நாள் மீண்டும் இருளடைந்து, கணப்பருகே அமர்ந்திருக்கையில், இயேசுவினிடம் போகவேண்டும் என்னும் எண்ணம் எழுகிறது. அப்படியொரு வசனம் உண்டா என்று மனைவியைக் கேட்கிறார். அவர் தெரியாது என்கிறார். சிறிது நேரத்தில் எபிரெயர் 12:22-24 நினைவுக்கு வருகிறது. அவ்விரவு அவருக்கு மகிழ்ச்சியின் இரவாயிற்று. இரண்டாண்டுகளுக்கு மேலாக அவரைக் கொன்றுகொண்டிருந்த ஏசா இருப்பதும் அதே அதிகாரத்தில்தான். இடையே நான்கு வசனங்களே உள்ளன. பன்யன் இதைக் குறிப்பிடவில்லை. அதிகாரத்தை முடிவுவரை வாசிக்கச் சொல்லும் ஆயர் ஒருவர் அருகிலிருந்திருந்தால் என்னும் எண்ணம் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை.

விடுதலைக்குப் பின்னும் போராட்டம் ஓயவில்லை என்பதைப் பன்யன் மறைக்காதது நூலின் பெருஞ்சிறப்பு. பெட்ஃபோர்டுச் சபையில் சேர்ந்து திருவிருந்தில் பங்குபெறத் தொடங்கியபோது, அப்பந்தியிலேயே தேவதூஷணமான நினைவுகள் அவரை நெருக்கின. உடன் பங்குபெறுவோரைச் சபித்துவிடாதபடி தம்மை அடக்கவேண்டியதாயிற்று. ஏறக்குறைய முக்கால் ஆண்டு இவ்வாறு நடந்தது. எனினும் அவர் பந்தியைவிட்டு விலகவில்லை. நம் சபைகளில் ஒரு தீய நினைவுக்காகவோ, மீண்டும் வீழ்ந்த ஒரு வீழ்ச்சிக்காகவோ, 'இந்த மாதம் நான் எடுக்கவில்லை, ஐயா' என்று பின்வரிசையில் தங்கிவிடுவோர் எத்தனை பேர்! தங்களை எளிய விசுவாசிகள் என்றே அவர்கள் எண்ணுகின்றனர். ஆனால் பையில் போதிய சில்லறை சேரும்வரை காத்திருக்கின்றனர். நாமும் தயாரிப்பு ஆராதனைகளில் ஆராய்ந்து அறிவதைப்பற்றிச் சொல்லுமளவுக்கு, ஆராய்ந்தபின் பந்திக்கு வந்து புசிக்கும்படியே 1 கொரிந்தியர் 11:28 பணிக்கிறது என்பதைச் சொல்லுகிறோமா?

மோட்சப் பிரயாணத்தில் சிலுவையடியில் சுமை கழன்று உருளும் காட்சியையே நம் பிரசங்கங்கள் பெரிதும் எடுத்துரைக்கின்றன. சுமை இறங்கிய பிறகே அப்பொல்லியோனோடு போர் நிகழ்கிறது. அதற்கும் பின்னரே சந்தேகக் கோட்டையின் நிலவறை வருகிறது. அந்நிலவறையைத் திறக்கும் வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் கிறிஸ்தியானின் மார்பிலேயே நெடுநேரம் மறந்து கிடந்தது. இக்கதையைப் புனைந்தவர் தன்வரலாற்றின் பன்யனே என்பது இங்கே விளங்கும். நம் எழுப்புதல் கூட்டங்களில் சொல்லப்படும் சாட்சிகளோ சிலுவைக் காட்சியோடு நின்றுவிடுகின்றன: முன்பு பாவி, பின்பு வெற்றி. அதைக் கேட்டு வீடு திரும்பி, மறுவாரமே பழைய பாவத்தில் இடறியவன், தான் விசுவாசித்ததே பொய்யோ என மயங்குகிறான். பன்யனின் சாட்சி இவ்வாறு முடியவில்லை. முடிவுரையில், இன்றும் தம் இருதயத்தில் தாம் காணும் ஏழு தீமைகளை எண்ணி எழுதுகிறார். அவிசுவாசத்தின் பக்கம் சாய்தல், கிறிஸ்து காட்டிய அன்பை விரைவில் மறத்தல், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில் சார்ந்துகொள்ளுதல், ஜெபத்தில் சிதறலும் குளிர்ச்சியும், ஜெபித்ததற்காக விழித்திருக்க மறத்தல், இல்லாததற்காக முறுமுறுத்தல், தேவன் கட்டளையிட்ட எதைச் செய்தாலும் அதில் தம் கேடு வந்து கலந்துவிடுதல். இவற்றை எழுதியபோது அவர் பிரசங்கியார் என்று பேர்பெற்றவர். அப்பிரசங்கத்தினிமித்தமே 1660 முதல் சிறையிலிருந்தவர். நூலின் முன்னுரையோ, அவர் பிரசங்கத்தால் விசுவாசத்திற்கு வந்து, இப்பொழுது அவரைக் கேட்க இயலாதிருந்த சபையாரை நோக்கியது. அவர்களில் பலர் தங்கள் போதகர் இத்தகைய போராட்டங்களையெல்லாம் என்றோ கடந்துவிட்டார் என்று எண்ணியிருக்கக்கூடும்.